நீர்ப் பசையும் உருகு பசையும்

ஒரு புத்தகத்தைக் கையிலெடுப்போர் அதனை எழுதியவர் யாரென நோக்குவர், பதிப்பித்தவர் யாரென நோக்குவர், விலையையும் நோக்குவர். அதன் தாள்களை ஒன்றாகப் பிடித்து நிற்கும் பசையை நோக்குவோர் மிக அரியர். பசை தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. பாட நடுவில் ஒரு தாள் கழன்று நிலத்தில் வீழும்போதுதான் அப்படியொரு பொருள் இருந்தது என்பதே நினைவுக்கு வருகின்றது.

இக்காலத்தில் புத்தகங் கட்டும் சாலைகளில் வழங்கும் பசைகளுள் தலையாயவை இருவகையின. ஒன்று, நீரிற் கலந்து பூசப்படுவது. மாணவர் 'கம்' என்று சொல்லும் வெண்ணிறப் பசையும் தச்சர் மரம் பொருத்தப் பயன்படுத்தும் பாற்பசையும் இக்குலத்தைச் சேர்ந்தவை. மற்றொன்று, உருக்கிப் பூசப்படுவது. இது சாதாரண வெப்பநிலையிற் கட்டியாக இருக்கும், சூடேற்ற உருகும், ஆறியதும் இறுகும். முன்னையது நீரை இழந்து ஒட்டுகின்றது. பின்னையது வெப்பத்தை இழந்து ஒட்டுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமைகள் அனைத்திற்கும் வேர் இந்த ஒன்றே. இரண்டும் இன்று இரசாயனத் தொழிற்சாலைகளிற் பிறப்பினும், இவற்றின் குலவரலாறு தொழிற்சாலைகளுக்கு மிக முற்பட்டது.

உருகு பசையின் தொன்மையை முதலில் நோக்குவோம். இத்தாலி நாட்டின் கம்பித்தெல்லோ என்னும் இடத்தில், பூர்ச்ச மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட தார் படிந்த கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகள் என அறிஞர் கணித்துள்ளனர். இன்றைய மனித இனம் ஐரோப்பாவில் அடிவைப்பதற்கு முன்னரே, நெண்டதால் மனிதர் மரப்பட்டையைச் சுட்டுத் தார் எடுக்கவும் அதனால் கல்லைப் பிடியோடு பொருத்தவும் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படுகின்றது. மெசொப்பொத்தேமியாவில் நிலத்தினின்று ஊறிய கீல் இப்பணிக்குப் பயன்பட்டது. ஊர் என்னும் நகரத்தின் அரச கல்லறைகளில் எடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.மு. 2500ஆம் ஆண்டைச் சேர்ந்த அணிப்பேழையில், சிப்பியும் நீலக்கல்லும் கீலினாலேயே பதிக்கப்பட்டுள்ளன. தமிழர் நன்கறிந்த அரக்கும் இவ்வினமே. கத்தியின் அலகைப் பிடியினுள் நிறுத்தவும் மடல்களுக்கு முத்திரையிடவும் அரக்கு உருக்கப்பட்டது. அரக்கு மாளிகையின் கதையைக் கேட்டோர் யாவரும் அதன் இயல்பையும் அறிவர். நெருப்பால் உருவானது நெருப்பு வந்தால் நில்லாது.

நீர்ப் பசையின் மரபு சமையற்கூடத்தோடு தொடர்புடையது. மாவை நீரிலிட்டுக் காய்ச்சினாற் கூழாகும். கூழ் காய்ந்தாற் பிடிக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, பப்பிரசுத் தாள்களை ஒட்டும் முறையைத் தமது இயற்கை வரலாற்று நூலிற் கூறிச்சென்றுள்ளார். மென்மையான மாவைக் கொதிநீரிற் கலந்து சிறிது காடி தெளித்தலே அம்முறை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தாளும் துணியும் அட்டையும் ஒட்டிய கைகள் பல நூற்றாண்டுகளாக இதனையே பின்பற்றின.

இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பது வச்சிரம். விலங்குகளின் தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் காய்ச்சிப் பெறுவது இது. எகிப்தின் தீபசு நகரில், மூன்றாம் துத்மோசு மன்னனின் அமைச்சனான இரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், தச்சர் மெல்லிய பலகையை ஒட்டும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அருகே நெருப்பின்மீது பசைச் சட்டியும் காணப்படுகின்றது. அது கி.மு. 15ஆம் நூற்றாண்டினது. வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, வேறொரு பாத்திரத்துச் சுடுநீரின் நடுவே வைத்து இளக்கிப் பூசுவர். ஆறத் தொடங்கியதும் அது கட்டுப்படும். பின்னர் பல மணி நேரம் காய்ந்து வலுப்பெறும். ஆகவே முதலில் வெப்பத்தையும் பின்னர் நீரையும் இழந்து ஒட்டுவது வச்சிரம். பிற்காலத்து இருவகைப் பசைகளும் தனித்தனியே செய்யும் வேலையை அது ஒருங்கே செய்தது.

ஆயினும் அக்காலப் புத்தகத்திற் பசை முதல்வன் அன்று, துணைவனே. தமிழரின் ஏட்டுச் சுவடி பசையையே அறியாதது. துளையிட்ட ஓலைகளைக் கயிறு பிணைத்தது. மேனாட்டுப் புத்தகத்திலும், அச்சிட்ட தாள்கள் மடிக்கப்பட்டு, மடிப்பின் நடுவே நூலிழையால் தைக்கப்பட்டன. தையலே புத்தகத்தைத் தாங்கியது. முதுகிற் பூசிய வச்சிரம் வடிவத்தைக் காத்தது. கூழ் அட்டையையும் துணியையும் பற்றவைத்தது. பசை பழுதுற்றாலும் தாள் சிதறவில்லை.

இப்பழைய பசைகளுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. மாவும் வச்சிரமும் உணவுப் பொருள்கள். மனிதன் உண்ணாவிடினும் பூச்சி உண்ணும். ஈரப்பதம் மிகுந்த நாடுகளிற் பூஞ்சணமும் பிடிக்கும். அதனாலேயே தென்னாசியாவிற் புத்தகங் கட்டுவோர் கூழிலே மயில்துத்தம் கலக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். வச்சிரம் நாளடைவில் ஈரமிழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பினது. பழைய புத்தகமொன்றை விரிக்கும்போது முதுகிலிருந்து கபிலநிறத் துணுக்குகள் உதிர்வதைக் கண்டோர் பலர்.

தையலை விடுத்துப் பசையையே முதல்வனாக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. தைத்தல் கைவேலை, காலமும் கூலியும் வேண்டுவது. 1836இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹன்கொக் என்பவர் ஒரு புதுமுறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மடிப்புகளை வெட்டி நீக்கி, தனித்தாள்களாக்கி, முதுகு விளிம்பிலே கரைத்த இறப்பரைப் பூசுவது அம்முறை. படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்கள் பல அவ்வாறு கட்டப்பட்டன. அவை தட்டையாக விரிந்தன, வாங்கியோர் மகிழ்ந்தனர். ஆனால் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தாத இறப்பர் காற்றுப்பட்டுக் கெடும் தன்மையது. சில பத்தாண்டுகளில் அது உலர்ந்து பொடியாயிற்று. அழகிய படத்தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எண்ணம் பிழையன்று, அதற்கேற்ற பசை அன்று உலகில் இல்லை.

அந்தத் தேவை 20ஆம் நூற்றாண்டிற் பன்மடங்கு பெருகியது. 1935இல் இங்கிலாந்திற் பெங்குவின் வெளியீடுகளும், 1939இல் அமெரிக்காவிற் பொக்கற் புக்சு வெளியீடுகளும் தொடங்கின. சாதாரண மக்கள் விலைகொடுத்து வாங்கக்கூடிய கடதாசி அட்டைப் புத்தகம் உலகெங்கும் பரவிற்று. இலட்சக்கணக்கில் அச்சிடும் புத்தகத்தின் விலையைக் குறைக்க வேண்டுமாயின் தையலைக் கைவிடவேண்டும். தையலைக் கைவிட்டாலோ, ஒவ்வொரு தாளின் விளிம்பையும் பசை ஒன்றே பிடித்து நிற்றல் வேண்டும். நொறுங்கும் வச்சிரம் இதற்குப் போதாது.

விடை இரசாயன ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஜேர்மன் அறிஞர் ஹேர்மன் ஸ்ரவுடிங்கர், இறப்பர், மாப்பொருள் போன்றவை சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோத்து அமைந்தவை என 1920இல் எடுத்துரைத்தார். அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தகைய நெடுஞ்சங்கிலிப் பொருள்களே பல்பகுதியங்கள் எனப்படுகின்றன. மாக்கூழும் வச்சிரமும் இயற்கை செய்த பல்பகுதியங்கள். இவற்றைப் போன்றவற்றை மனிதனே செய்யலாம் என்ற துணிவு இவ்வறிவினாற் பிறந்தது.

ஸ்ரவுடிங்கரின் கொள்கைக்கு முன்னரே, 1912இல், பிரிற்ஸ் கிளாற்றே என்னும் ஜேர்மன் இரசாயனர் வினைல் அசற்றேற்று என்ற திரவத்தை ஆக்கியிருந்தார். அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தாற் கிடைப்பது பொலிவினைல் அசற்றேற்று. அது நீரிற் கரையாதது. எனினும் அதனை மிக நுண்ணிய துளிகளாக்கி, பாலிற் கொழுப்பு மிதப்பதுபோல நீரில் மிதக்கவிடலாம். அவ்வாறு செய்ததே வெண்ணிறப் பாற்பசை. அதில் ஏறத்தாழ அரைப்பங்கு நீர். தாளிற் பூசியதும் நீரின் ஒரு பகுதியைத் தாள் உறிஞ்சும்; எஞ்சியது காற்றிற் கலக்கும். நீர் குறையக் குறையத் துளிகள் நெருங்கும். நெருங்கியவை ஒன்றையொன்று அழுத்தி ஒரே படலமாகும். வெண்மை மறைந்து தெளிவு தோன்றுவதே அப்படலம் உருவாயிற்று என்பதற்கு அடையாளம்.

1930களின் பிற்பகுதியில் எமில் லும்பெக் என்னும் ஜேர்மானியர் இவ்வகைப் பசையைக்கொண்டு தையலில்லாப் புத்தகங் கட்டும் முறையொன்றை அமைத்தார். தனித்தாள்களின் அடுக்கை ஒரு பக்கம் விசிறிபோற் சாய்த்துப் பசை பூசி, மறுபக்கம் சாய்த்து மீண்டும் பூசுவார். அதனால் ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் மயிரிழை அகலத்திற்குப் பசை ஏறித் தாளைத் தாளோடு இணைத்தது. ஜேர்மன் மொழியில் அவர் பெயரே வினைச்சொல்லாகி, இம்முறையிற் புத்தகங் கட்டுதலைக் குறிக்கலாயிற்று. ஹன்கொக்கின் எண்ணம் நூறாண்டின் பின் தகுந்த பசையைப் பெற்றது.

ஆனால் நீருக்கு நீரின் குணம் உண்டு. தாளின் இழைகள் நீரை உண்டு வீங்கும். இழையோட்டம் முதுகுக்கு இணையாக அமையாவிடின் தாள் நெளியும்; முதுகு அலையலையாகும். பசை காயும்வரை புத்தகம் அழுத்தியிலே காத்திருக்க வேண்டும். கைத்தொழிலாளன் அந்நேரத்தில் வேறு வேலை பார்ப்பான். நாளொன்றுக்குப் பல்லாயிரம் புத்தகம் ஈனும் இயந்திரமோ காத்திருக்க விரும்பாது. காத்திருப்பது இயந்திரத்திற்கு நட்டம்.

இவ்விடத்திற் பழைய அரக்கின் வழி மீண்டும் நினைவுகூரப்பட்டது. 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்ரன் ஆய்வுகூடத்தில் எதிலீன் என்னும் வாயுவிலிருந்து பொலிஎதிலீன் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அது சூட்டில் உருகும். ஆனாற் கடதாசியைப் போதியவாறு பற்றாது. எதிலீனையும் வினைல் அசற்றேற்றையும் ஒரே சங்கிலியிற் கலந்து கோத்தபோது, உருகவும் வளையவும் பற்றவும் வல்ல புதிய பல்பகுதியம் கிடைத்தது. அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனம் 1960ஐ ஒட்டி அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. நீர்ப் பசைக்கு உயிரான அதே வினைல் அசற்றேற்றே உருகு பசையிலும் பங்குகொண்டது. இரண்டும் பகைக் குலங்கள் அல்ல. ஒரு தாயின் பிள்ளைகள்.

உருகு பசையிற் பல்பகுதியம் மாத்திரம் இருப்பதில்லை. உருகியதும் உடனே பற்றுதற்குக் குங்கிலியம் போன்ற பிசின் சேர்க்கப்படும். இளக்கத்தையும் இறுகும் வேகத்தையும் சீராக்க மெழுகு சேர்க்கப்படும். நெடுநேரச் சூட்டிலே கருகாதிருக்க வேறொரு பொருளும் சிறிதளவு சேர்க்கப்படும். இதில் நீர் ஒரு துளியும் இல்லை. 150 முதல் 180 பாகை செல்சியசு வரை சூடாக்கிய தொட்டியிலே உருகி நிற்கும் பசையை, வெட்டிச் சொரசொரப்பாக்கிய முதுகிலே சுழலும் உருளை பூசும்; உடனே அட்டை வந்து பொருந்தும்; சில நொடிகளில் இறுகிவிடும். வெண்ணிறப் பசை மணிக்கணக்கில் செய்ததை இது மூச்சுவிடும் நேரத்திற் செய்தது. பாடப்புத்தகமும் நாவலும் தொலைபேசி விபரக்கொத்தும் மலிவாகவும் விரைவாகவும் வெளிவர இதுவே பேருதவி புரிந்தது. நீரில்லாமையாற் தாள் நெளியவுமில்லை.

விரைவுக்கு விலையுண்டு. நீர்ப் பசை தாளின் இழைகளுக்கிடையே ஊறிச் சென்று பிடிப்பது. உருகு பசையோ தடித்தது. ஆழப் புகுமுன் ஆறிவிடுவது. ஆகவே அது விளிம்பிலே தடித்த பட்டையாக அமையும். புத்தகம் தட்டையாக விரியாது. வலிந்து விரித்தால் முதுகு வெடிக்கும். கடுங்குளிரில் அப்பட்டை விறைத்து முறியும். கடுவெயிலில் மூடிய வாகனத்தினுட் கிடந்தால் இளகித் தாள் நழுவும். சிலவகை அச்சுமையிலுள்ள எண்ணெய் அதனுள் ஊறினாலும் வலிமை குன்றும்.

நீர்ப் பசையும் தொடக்கத்திற் குற்றமற்றதாக இருக்கவில்லை. பொலிவினைல் அசற்றேற்றுத் தனித்து நின்றால் விறைப்பானது. எனவே அதனை இளக்க வேறொரு எண்ணெய்ப் பொருளைக் கலந்தனர். ஆண்டுகள் செல்ல அவ்வெண்ணெய் பசையை நீங்கித் தாளினுட் சென்றது. பசை மீண்டும் விறைத்தது. இளக்கும் பகுதியைச் சங்கிலியோடு சேர்த்துக் கோக்கும் வழி பிற்காலத்தில் வந்தபின்னரே இக்குறை தீர்ந்தது. உறைகுளிரிற் பாற்பசை திரைந்துபோகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இருவகையின் நன்மையையும் ஒருங்கே பெறும் முயற்சியாக, 1980களின் பிற்பகுதியிலிருந்து பொலியூரெதேன் உருகு பசை புத்தகத் தொழிலிற் புகுந்தது. இதனை உருக்க ஏறத்தாழ 120 பாகை சூடே போதும். மெல்லிய படலமாகப் பூசலாம். ஆறியதும் ஓரளவு பிடிக்கும். அதன்பின் நிகழ்வது வியப்பானது. தாளிலும் காற்றிலும் உள்ள ஈரத்தோடு அது இரசாயன முறையிற் சேர்ந்து, ஏறத்தாழ ஒருநாளில் தன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றது. நெருப்பிற் பிறந்த பசை நீரைத் தேடிச்சென்று முழுவலிமை பெறுகின்றது. அதன் பின் வெயிலும் குளிரும் அதனை எளிதில் அசைப்பதில்லை. ஆனால் விலை அதிகம். உருக்கும்போது எழும் ஆவி தீங்கானதாகையால், அதனை வெளியேற்றும் ஏற்பாடும் வேண்டும்.

இவ்வளவும் வலிமையைப் பற்றியவை. புத்தகத்தைக் காப்போருக்கு வலிமையினும் பெரிய வினா ஒன்று உண்டு. 1966 நவம்பர் 4ஆம் திகதி இத்தாலியின் ஆர்னோ நதி பெருகிப் புளோரன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. தேசிய மத்திய நூலகத்தின் அரிய சுவடிகளும் புத்தகங்களும் சேற்றில் அமிழ்ந்தன. பல நாடுகளிலிருந்து புத்தகம் திருத்துவோர் அங்கு விரைந்தனர்; இங்கிலாந்திலிருந்து பீற்றர் வாட்டர்ஸ் என்பார் தலைமையில் ஒரு குழு சென்றது. வச்சிரத்தாலும் கூழாலும் கட்டப்பட்டவற்றை நீரினாலேயே இளக்கித் தாள் தாளாகப் பிரித்து, கழுவி, உலர்த்தி, மீண்டும் கட்ட முடிந்தது. அக்குழுவிற் பணிபுரிந்த கிறிஸ்ரபர் கிளாக்சன், பசை மிகச் சிறிதளவே கொண்ட பழைய மென்தோற் கட்டுகள் வெள்ளத்தைச் சிறப்பாகத் தாங்கின என்பதையும் கண்டறிந்தார். செய்த வேலையைப் பின்வருவோர் தாளுக்கு ஊறின்றி நீக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற நெறி, இப்பெருந்துன்பத்தின் பின் புத்தகப் பாதுகாப்பில் உறுதியாக வேரூன்றியது.

இந்நெறியை அளவுகோலாகக் கொண்டால் பசைகளின் வரலாறு வேறொரு தோற்றம் தருகின்றது. எது நீங்கியதால் ஒரு பசை இறுகியதோ, அது திரும்பி வந்தாற் பசை இளகும் என்பது பழைய விதி. கூழுக்கு நீர் திரும்பி வந்தாற் போதும். அரக்குக்கு வெப்பம் திரும்பி வந்தாற் போதும். எதிலீனும் வினைல் அசற்றேற்றும் கலந்த உருகு பசையும் இவ்விதிக்குப் பெரும்பாலும் உட்பட்டதே. சூடேற்றினால் இளகும், ஆயினும் தாளினின்று முற்றும் நீங்காது. வெண்ணிறப் பாற்பசை இவ்விதியினின்று பாதி விலகியது. துளிகள் படலமாகியபின், நீர் திரும்பிவந்தால் அது வீங்கி வெளிறுமேயன்றிப் பாலாக மாறாது. பொலியூரெதேனோ விதியை முற்றாக மீறியது. நீரோ நெருப்போ திரும்பி வந்தும் பயனில்லை. தாளைக் கிழித்தே அதனைப் பிரிக்கலாம். ஆக, பசை வலுக்க வலுக்கத் திருத்துவோனின் கை குறுகியது.

பழைய கடதாசியை மீண்டும் கூழாக்கும் ஆலைகளிலும் இதே வினா எழுகின்றது. மாப்பசை நீரோடு சென்றுவிடும். உருகு பசையோ சிறுசிறு ஒட்டும் துணுக்குகளாகக் கூழிற் கலந்து சல்லடைகளை அடைத்து, புதிய தாளிலும் கறையாகப் படியும். துணுக்குகள் பெரியனவாயின் வடித்து நீக்கலாம். சிறியனவாயின் ஆலைக்குத் தொல்லையே.

இன்று எந்தப் பசை சிறந்தது என்று பொதுப்படக் கேட்பதிற் பொருளில்லை. ஓராண்டு பயன்பட்டுப் பின் புதிய பதிப்புக்கு இடங்கொடுக்கும் விபரக்கொத்துக்கு விரைவும் மலிவும் போதும். அதற்கு உருகு பசை தக்கது. பல மாணவர் கைமாறும் பள்ளிப் புத்தகம் வளையவும் விரியவும் வேண்டும்; அதற்கு நல்ல பாற்பசையோ பொலியூரெதேனோ வேண்டும்; தையலும் கூடினால் இன்னும் நன்று. நூறாண்டின் பின் ஒருவர் திறந்து பார்க்கவேண்டிய ஆவணத்தைத் திருத்துவோர், பிளினி கூறிய மாக்கூழையொத்த கோதுமை மாப்பசையையே இன்றும் நாடுகின்றனர். அது வலிமையற்றது என்பதனால் அன்று. தவறு நேர்ந்தால் விட்டுக்கொடுக்கும் என்பதனாலேயே.

புத்தகம் ஒன்றை நூலகத்திற்கு வாங்குவோர் அதன் முதுகை ஒருமுறை மெல்ல வளைத்து நோக்குதல் நலம். மடிப்புகளும் நூலிழையும் தெரிந்தால் அது தைக்கப்பட்டது. தனித்தாள்களும் தடித்த பசைப்பட்டையும் தெரிந்தால் பெரும்பாலும் அது உருகு பசையால் ஆனது. கடுவெயிலுக்கும் முரட்டுக் கைக்கும் அதனைக் கொடுத்தல் ஆகாது. மெல்லிய படலமே தெரிந்து, தாள்கள் அடிவரை இலகுவாக விரிந்தால், அது நீர்ப் பசையாலோ பொலியூரெதேனாலோ கட்டப்பட்டிருத்தல் கூடும். எழுதியவனின் கருத்து எத்துணை உயர்ந்ததாயினும், அது அடுத்த தலைமுறையின் கையை அடைவது, நீரோ நெருப்போ விட்டுச்சென்ற அந்த மெல்லிய படலத்தின் பிடியினாலேயே ஆகும்.